மஞ்சள் துணியும் ஆழ்ந்த இரங்கலும்

1

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரிலிருந்து என் அண்ணன் போன் செய்தான். நலம் விசாரிக்க இல்லை. அவன் அந்த மாதிரி ஆளும் இல்லை.

"ஏட்டி செல்வி, அந்தச் செத்துப் பொழச்ச பிள்ளை இந்த வாரம் ஒண்ணும் போடலையே, ஏன்? மேலுக்குச் சரியில்லையா?"

"பரீட்சைண்ணே. அடுத்த வாரம் போடுவா."

"நம்ம சலூன் கடையில எல்லாரும் கேக்கானுவ. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

பரீட்சை என்று சொல்லச் சொன்னேன். போனை வைத்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் தனியாக நின்று சிரித்தேன். ஏனென்றால் இதே அண்ணன்தான் போன வருஷம், "வாத்திச்சியே செல்போனை நோண்டிட்டு இருந்தா பிள்ளைகள்லாம் உருப்பட்ட மாதிரிதான்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னவன். அவனுக்கு அன்று நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டுக்காரரைக் கேட்டால் கொஞ்சம் இல்லை என்பார்.

நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு ஊரில் பிறந்து, கல்யாணமாகி பம்பாய் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மும்பை என்று பெயர் மாற்றிவிட்டார்கள். என் வாய் இன்னும் மாறவில்லை. செம்பூர் பக்கம் திலக் நகரில் வீடு, தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் வேலை. ஆறு முதல் எட்டு வரைக்கும் அறிவியல். ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் எழுதும்போதெல்லாம் மழை, ரயில் நெரிசல், தண்ணீர்க் கஷ்டம் என்று ஒரே ஒப்பாரியாக இருக்கிறது என்று ஒரு வாசகி குறைப்பட்டிருந்தார். சரி தாயி, இந்த முறை நான் ஜெயித்த கதையைச் சொல்கிறேன். உண்மையில் ஜெயித்தது நான் இல்லை, இசக்கியம்மாள். பக்கத்தில் நின்றதால் என் மேலும் கொஞ்சம் தெறித்தது.

2

திலக் நகர் ஸ்டேஷனில் லேடீஸ் டப்பா என்கிற பெண்கள் பெட்டியில் ஏறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்கி அங்கிருந்து நடை. ரயிலில் மராட்டி, வழியில் இந்தி, பள்ளி வாசலுக்குள் நுழைந்தால் தென் திருநெல்வேலி. தாராவியில் எங்கள் பிள்ளைகள் பேசுகிற தமிழைக் கேட்டால் வள்ளியூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளைகளிடம் ஒரு தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டி ஒரு வரி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். வீட்டில் ஒரு தமிழ், தெருவில் இந்தி, புத்தகத்தில் இரண்டுமில்லாத ஏதோ ஒன்று.

இதில் நான் யாரைக் குறை சொல்வது? என் சொந்த மகள் ஜனனி செம்பூரில் ஆங்கிலப் பள்ளியில் படித்து, இப்போது கல்லூரிக்குப் போகிறாள். "மம்மி, தமிழ்ல டைப் பண்ணாத, எனக்குப் படிக்க டைம் ஆகுது" என்று எனக்கே பதில் அனுப்புகிறவள். வாத்தியார் பிள்ளை மக்கு என்று ஊரில் கேலி செய்வீர்களே, அது என் வீட்டிலேயே நடந்தது.

எட்டாம் வகுப்புக்கு அமிலம், காரம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகை நிறைய எழுதிப் போட்டு, காரத்துக்கு ஒரு உதாரணம் சொல்லுங்கள் என்றேன். பின்பெஞ்சுப் பயல் ஒருவன் எழுந்து, "மொளவாப்பொடி டீச்சர்" என்றான். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு வந்த கோபத்துக்குச் சாக்பீஸ் உடைந்தது.

அப்போதுதான் மூன்றாவது பெஞ்சில் ஒரு குரல் பக்கத்துப் பிள்ளைக்கு ரகசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. "ஏளா, மொளவா இல்லட்டி. சோப்பு நாக்குல பட்டா ஒரு மாதிரி கசக்கும்லா, கையில வழுவழுங்கும்லா, அந்த ஜாதி. புளி, எலுமிச்சை எல்லாம் எதிர்க் கச்சி. ரெண்டையும் சேத்தா சண்டை போட்டு ரெண்டும் ஓய்ஞ்சிரும்."

அவள்தான் இசக்கியம்மாள். ஒல்லி. ரிப்பன் ஒரு பக்கம் எப்போதும் அவிழ்ந்திருக்கும். நான் ஒரு வாரமாகத் தொண்டை கிழியச் சொன்னதை மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டாள், பக்கத்துப் பிள்ளைக்கும் புரிந்துவிட்டது.

அன்றைக்கே முடிவு செய்தேன். வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப். தினம் ஒரு பிள்ளை, அன்று நடந்த பாடத்தை, வீட்டில் பேசுகிற பேச்சிலேயே, ஒரு நிமிஷ வீடியோவாகச் சொல்ல வேண்டும். மறுநாள் வகுப்பில் அதைப் போட்டுப் பார்ப்போம், தப்பு எங்கே என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் பயந்தார்கள், நியாயம்தான். அதனால் முகம் காட்டக் கூடாது, கை மட்டும்தான் என்று சட்டம் போட்டேன். முகம் இல்லாததால் எது யாருடையது என்று எனக்குத் தெரிய வேண்டுமே? அதற்காக இன்னொரு சட்டம்: வீடியோவுக்குக் கீழே பெயர், தகப்பனார் பெயர், இடம் எழுத வேண்டும். இந்த இரண்டாவது சட்டம்தான் பின்னால் எங்களை எல்லாம் படுத்தி எடுத்தது.

தலைமையாசிரியர் நல்ல மனுஷர், ஆனால் காகிதம் இல்லாமல் மூச்சு விட மாட்டார். மேலிடத்தில் அனுமதி வாங்கி வரச் சொன்னார். போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர், "பரிபத்ரக் குட்டே ஆஹே?" என்றார். சுற்றறிக்கை எங்கே என்கிறார். இப்படி ஒரு காரியத்தை இதுவரை யாரும் செய்யாததால் அதற்குச் சுற்றறிக்கை இல்லை என்று என் மராட்டியில் விளக்கினேன். அவர் நான் சொன்ன விஷயத்தை விட்டுவிட்டு, நாலு பேர் முன்னால் என் மராட்டியைத் திருத்தினார். விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டார், பதில் வரவில்லை. பதில் வராததையே அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷ பம்பாய் வாழ்க்கையில் இதைக்கூடக் கற்றுக்கொள்ளாவிட்டால் எப்படி?

3

இசக்கியின் அப்பா சுடலைமுத்து, தோல்பை பட்டறையில் தோல் வெட்டுகிறவர். அதிர்ந்து பேசாத மனிதர். வீட்டுக்கே ஒரு போன், அது அவருடைய போன். அவர் வேலைக்குக் கிளம்புவதற்குள் பிள்ளை வீடியோ எடுத்து அனுப்பியாக வேண்டும்.

அந்த போனில் இன்னொரு குரூப்பும் இருந்தது, ஊர்க் குரூப். இவர்கள் ஊரைச் சேர்ந்தவர்கள் தாராவி, அம்பர்நாத், துபாய் என்று எங்கே இருந்தாலும் அதில் இருப்பார்கள். ஊர்க் கோயில் கொடை விழா சமயத்தை விட்டால், மற்ற நாளில் அதில் வருவது ஒரே ஒரு விஷயம்தான். சாவுச் செய்தி. ஒரு படம், கீழே பெயர், தகப்பனார் பெயர், இடம். அவ்வளவே. அதற்கு மேல் யாரும் எழுத மாட்டார்கள், எழுதவும் தேவையில்லை.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அன்றைக்கு இசக்கியின் முறை. வெள்ளைத் துணியில் மஞ்சளைக் கரைத்துப் பூசி, அதன்மேல் சோப்புத் தண்ணீர் விட்டால் சிவப்பாக மாறும், எலுமிச்சம்பழம் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். அருமையாக எடுத்திருந்தாள். ஆனால் முந்தின நாள் ஊரில் ஒரு பெரியவர் காலமாகியிருந்தார். விடிய விடிய வந்த இரங்கலில் ஊர்க் குரூப் போனில் முதல் இடத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தது. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார். பிள்ளை அவசரத்தில் மேலே இருந்த குரூப்பை அமுக்கிவிட்டு போனைக் கையில் கொடுத்துவிட்டாள்.

ஊர்க் குரூப்பில் போய் விழுந்தது இதுதான்: ஒரு வெள்ளைத் துணி, அதன்மேல் மஞ்சள் பூசிய ஒரு கை. கீழே, "இசக்கியம்மாள், த/பெ சுடலைமுத்து, தாராவி."

வீடியோவை யார் திறந்து பார்த்தார்கள்? துபாயிலிருந்து ஒருவர் "ஆழ்ந்த இரங்கல்" என்று போட்டார். அதைப் பார்த்து அடுத்தவர். பிறகு வரிசையாகக் கும்பிட்ட கைகள். "ஆத்மா சாந்தியடையட்டும்." "சின்ன வயசு, பாவம்." ஒருவர் இன்னும் விவரமாக, "அடக்கம் எப்போ?" என்று கேட்டிருந்தார்.

பட்டறையில் வேலை நேரத்தில் போனை முதலாளி மேஜை டப்பாவில் போட்டுவிட வேண்டும். அதனால் சுடலைமுத்து நிம்மதியாகத் தோல் வெட்டிக்கொண்டிருந்தார். ஊரில் அவருடைய அக்கா பேச்சியம்மாள் பீடித் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டுத் தெருவில் விழுந்து புரண்டு அழுதாள். தம்பிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. எடுக்காததும் அவளுக்குச் சாட்சியாகிவிட்டது.

அம்பர்நாத்தில் இசக்கியின் தாய்மாமன் ஆறுமுகம் பேக்டரியில் சொல்லிவிட்டு, பெரிய ரோஜா மாலை ஒன்றை வாங்கிக்கொண்டு ரயிலேறினார். தாராவி சந்துக்குள் அவர் மாலையோடு வர, அக்கம்பக்கத்து ஆட்கள் யாருக்கு என்னவோ என்று பின்னாலேயே வந்தார்கள். அதே நேரம் பள்ளி விட்டு, தோளில் பையோடு இசக்கியம்மாள் எதிரே வந்தாள்.

"என்ன மாமா, வேலைக்குப் போகலையா? மாலை யாருக்கு?"

ஆறுமுகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். தண்ணீர் தெளித்துத்தான் எழுப்பினார்கள்.

இதைக் கேள்விப்பட்டபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு என்ன நடந்தது என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

4

மறுநாள் சுடலைமுத்து பள்ளிக்கு வந்தார். கத்துவார் என்று தயாராக இருந்தேன். கத்தினால் நானும் கத்தலாம். அவர் கத்தவில்லை.

"டீச்சர், ஒங்களைக் குத்தம் சொல்ல வரல. ஆனா உயிரோட இருக்க பிள்ளைக்கு மாலை வந்துட்டு. எங்க அக்கா சோறு தண்ணி இல்லாம கெடக்கா. போதும் டீச்சர். எட்டு முடிஞ்சதும் கொடைக்குப் போறப்ப கூட்டிட்டுப் போயி அக்கா வீட்டுல விட்டுருதேன். பீடி சுத்தட்டும். ரெண்டு வருஷத்துல மாப்பிள்ளை பாத்துரலாம்."

"அண்ணாச்சி, பிள்ளை நல்லா படிக்கா. தெரியாம பட்ட கைக்கு இப்படியா?"

"ஊர்ச் சங்கத்துல என்னைக் கூப்பிட்டிருக்காவ. சபையில விழுந்து கும்பிடணும். சாவு சொல்லுத எடத்துல வெளையாட்டுப் பண்ணுனது பெரிய தப்பாம். எங்க பரம்பரையில அப்படி விழப் போற மொத ஆளு நான்தான்."

எங்கள் பள்ளியில் எட்டோடு சரி. ஒன்பதாவதுக்கு வேறு பள்ளி தேட வேண்டும். அந்த இடைவெளியில்தான் ஒவ்வொரு வருஷமும் நாலைந்து பெண்பிள்ளைகளை ஊருக்கு ரயிலேற்றிவிடுவார்கள், திரும்பி வருகிற பிள்ளை அபூர்வம். எனக்கு இது புதிதில்லை. ஆனால் இந்த முறை காரணத்தைக் கையில் எடுத்துக் கொடுத்தது என் குரூப். தலைமையாசிரியர் குரூப்பை நிறுத்தச் சொல்லி, மராட்டியில் விளக்கம் எழுதித் தரச் சொன்னார். தந்தேன். மேஜைக்காரர் அதிலும் பிழை திருத்தினார்.

குர்லாவில் ரயில் மாறும்போது என்னையறியாமல் கண்ணீர் வந்துவிட்டது. ஒரு மீன்காரம்மா, பெற்ற தாய் மாதிரி, எதுவும் கேட்காமல் நகர்ந்து உட்கார இடம் கொடுத்தாள். இந்த ஊரில் ரயிலில் இடம் கிடைப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று இங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

இசக்கி வகுப்புக்கு வந்தாள். நான்தான் பேச்சுக் கொடுத்தேன். "வீட்டுல என்னட்டி சொல்லுதாவ?"

"அம்மா கண்ணேறு கழிக்க ஆலம் சுத்துனா டீச்சர். செவப்புத் தண்ணி. அதுவும் மஞ்சளும் சுண்ணாம்பும்தானே? சுண்ணாம்பு காரம்லா? நான் அதைச் சொன்னதுக்கு ஒரு அடி வாங்குனேன்."

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவள் அவிழ்ந்த ரிப்பனைக் கட்டிவிட்டேன்.

5

நான் எதிர்பார்க்காத ஒன்று அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தது. இரங்கல் போட்டவர்களுக்கெல்லாம் வெட்கமாகிவிட்டது. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஆத்மா சாந்தி சொன்னோமே, அப்படி அதில் என்னதான் இருந்தது என்று ஒவ்வொருவராக வீடியோவைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. மஞ்சள் இல்லாத வீடா, சோப்பு இல்லாத வீடா?

முதல் கேள்வி துபாய்க்காரரிடமிருந்து சுடலைமுத்துவுக்கு வந்தது. "தம்பி, நான் செஞ்சு பாத்தேன். செவந்துட்டு. எலுமிச்சை புழிஞ்சும் மஞ்சளா மாறல. ஒன் மவகிட்ட கேட்டுச் சொல்லு." அடுத்து ஊரிலிருந்து ஒரு பெண் குரல். "எங்க வீட்டுல சுண்ணாம்பு வச்சுப் பண்ணுனேன், ரத்தச் செவப்பா வருது, அது ஏன் அண்ணே?" பட்டறையிலும் அதே கதை. மதியச் சாப்பாட்டில் கூட இருந்தவர்கள் குழம்புக் கறையில் சோப்பைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி அத்தனையும் சுடலைமுத்துவின் போனுக்கு. அவருக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போய் மகளிடம் கேட்டார். மகள் சொன்னாள். அதை அப்படியே திருப்பிச் சொல்லப் பார்த்தார், பாதியில் குழம்பியது. கடைசியில், "நீயே சொல்லித் தொலை" என்று போனை அவள் வாய்க்கு நேரே பிடித்தார்.

"பெரியப்பா, நீங்க சோப்புத் தண்ணியை வாளி வாளியா ஊத்தியிருப்பிய, எலுமிச்சையை ரெண்டு சொட்டு வச்சிருப்பிய. எப்படி மாறும்? கஞ்சத்தனம் பண்ணாம இன்னும் நாலு பழம் புழிங்க."

துபாயிலிருந்து சிரிப்பு வந்தது. சிவந்த துணி மஞ்சளாகத் திரும்புகிற படமும் பின்னாலேயே வந்தது.

ஒரு வாரம் கழித்து சுடலைமுத்து மறுபடி பள்ளி வாசலில் நின்றார். டி.சி. வாங்க வந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"டீச்சர், ஒரு சந்தேகம். எங்க மேஸ்திரி, பயங்கர கெட்டிக்காரன், அவன் கேக்கான். மோரு புளிக்குதுல்லா, அப்ப மோரை ஊத்துனாலும் மஞ்சளாவணும்லா? இசக்கி ஆவும்ங்கா. மேஸ்திரி ஆவாதுங்கான். யாரு சரி?"

"ஒங்க மவதான் சரி அண்ணாச்சி."

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "அப்படிச் சொல்லுங்க!" என்று தொடையைத் தட்டிவிட்டு, போன முறை வந்து என்ன பேசினோம் என்று நினைவு வந்தவராகக் குரலைத் தாழ்த்தினார். "ஆனாலும் சபை இருக்கு டீச்சர். அக்காளும் விட மாட்டேங்கா."

6

கொடைக்கு முன்னால் ஊர்ச் சங்கம் மாட்டுங்காவில் ஒரு மண்டபத்தில் கூடும். எனக்கு அந்த ஊர் இல்லை, போக உரிமையும் இல்லை. ஆனாலும் போனேன். துணைக்கு ஜனனியை இழுத்துக்கொண்டு போனேன். அவள் வழியெல்லாம், "போர் அடிக்கும் மம்மி" என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

முதலில் சாப்பாடு, பிறகுதான் சபை. முன்னால் ஆண்கள், பக்கவாட்டில் பெண்கள். பெண்கள் பேசுகிற வழக்கமில்லை. நடுவில் சங்கத் தலைவர், எழுபது வயதிருக்கும், பால் வெள்ளை வேட்டி. ஊரிலிருந்து பேச்சியம்மாள் அத்தையை வீடியோ காலில் போட்டு ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். அவள் தம்பி மகளைக் கையோடு அனுப்பச் சொல்லி அங்கிருந்தே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"சுடலை, வா" என்றார் தலைவர்.

சுடலைமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விழப் போனார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து இசக்கியம்மாள் எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அனுப்புனது நானு. எங்கப்பா எதுக்கு விழணும்? நான் விழுதேன். ஆனா தாத்தா, ஒரு நிமிசம். ஒங்க வேட்டியப் பாருங்க."

எல்லாரும் பார்த்தோம். பால் வெள்ளை வேட்டியில் முழங்காலுக்குக் கீழே சாம்பார்க் கறை, புத்தம் புதுசாக.

"இதை வீட்டுக்குப் போயி சோப்புப் போட்டா என்னாவும்?"

தலைவருக்குத் தெரியவில்லை. ஆண்கள் பக்கம் ஒருவருக்கும் தெரியவில்லை. பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. யாரோ ஒரு அம்மாள் வாய் விட்டே சொல்லிவிட்டாள். "செவந்துரும்லா! ரத்தம் பட்ட மாதிரி ஆவும்!"

"ஆமா ஆமா" என்று இன்னும் பத்துக் குரல்.

"பிறவு நெறைய தண்ணியில அலசுனா?"

"மஞ்சளாத் திரும்பிரும்!" இப்போது பெண்கள் பக்கம் முழுவதும்.

"ஏன்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு இசக்கி ஆரம்பித்தாள். கை கழுவுகிற இடத்திலிருந்து ஒரு சோப்பை எடுத்து வந்து, அனுமதிகூடக் கேட்காமல் தலைவர் வேட்டியில் கறையின் மேலேயே தேய்த்தாள். கறை சிவந்தது. மண்டபம் முழுக்க ஓ என்றது. இலையில் மிச்சமிருந்த எலுமிச்சைத் துண்டைப் பிழிந்தாள். சிவப்பு போய் மஞ்சள் வந்தது. மஞ்சளுக்குள்ளே என்ன இருக்கிறது, சோப்பு அதை என்ன செய்கிறது, ஆலத்தில் சுண்ணாம்பு எதற்கு, எல்லாம் அவள் பாஷையில். நடுநடுவே, "ஏக்தம் லால் ஆயிரும் பாருங்க" என்று, ஒரேயடியாகச் சிவந்துவிடும் என்பதற்கு, இந்தியும் வந்து விழுந்தது. அதைத் திருத்த எனக்கு மனசே வரவில்லை.

தலைவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கம் திரும்பி, "ஏ, நான் எங்கேயோ அடிபட்டு வந்துட்டேன்னு சண்டை போட்டியே, இதானா அது?" என்றார். அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். மண்டபமே சிரித்தது. நாற்காலியில் சாய்ந்திருந்த போனுக்குள் பேச்சியம்மாள் அத்தையும் அழுகையை நிறுத்திவிட்டு, "நல்லாச் சொல்லுதாளே சிறுக்கி" என்றது எல்லோருக்கும் கேட்டது.

"சரி, யாரும் விழ வேண்டாம்" என்றார் தலைவர். "ஆனா சாவு குரூப்புல இனி இது வரப்படாது. இதுக்குத் தனியா ஒண்ணு போடுங்க. ஞாயித்துக்கெழமை காலையில அனுப்புனாப் போதும், சாவகாசமாப் பாக்கலாம். என்னையும் சேருங்க."

கூட்டத்தில் யாரோ கேட்டார். "அப்ப சுடலை, பிள்ளையை எப்ப ஊருக்கு அனுப்புதே?"

சுடலைமுத்து இடுப்பில் கட்டிய துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டார். நேராக அந்த நாற்காலியைப் பார்த்துச் சொன்னார். "அனுப்பல அக்கா. ஒம்பதாவது சேக்கணும். இங்கன எல்லாரும் சந்தேகம் கேப்பாவ, அவ இல்லாம நான் யார்கிட்டப் போயிக் கேக்க?"

எனக்கு விசிலடிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் அடித்திருப்பேன். பக்கத்தில் ஒரு விசில் பறந்தது. திரும்பிப் பார்த்தால், என் மகள் ஜனனி.

அப்போது பின் வரிசையிலிருந்து அம்பர்நாத் ஆறுமுகம் எழுந்து வந்தார். கையில் ஒரு மாலை. மருமகள் எப்படியும் இந்தச் சபையில் பேசிவிடுவாள் என்று தெரிந்தோ என்னவோ, வரும்போதே வாங்கி வந்திருக்கிறார். அவள் கழுத்தில் போட்டார். போட்டுவிட்டு அந்த மனுஷன் குழந்தை மாதிரி அழுதார்.

7

இசக்கியம்மாள் இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். எங்கள் பள்ளிக் குரூப்பும் மறுபடி ஓடுகிறது. விஷயம் எப்படியோ மேலிடம் வரைக்கும் போய், அந்த மேஜைக்காரரே, மற்றப் பள்ளிகளும் இப்படிச் செய்யலாமா என்று விவரம் கேட்டு எழுதியிருக்கிறார். பரிபத்ரக் குட்டே ஆஹே என்று பதில் எழுதக் கை துறுதுறுக்கிறது. தலைமையாசிரியர் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்கிறார்.

சாம்பார்க் கறையில் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமைக் குரூப், இப்போது துரு, புளித்த மாவு, கொசு என்று போய்க்கொண்டிருக்கிறது. யாரோ யாருக்கோ அனுப்பி, அது என் ஊர் சலூன் கடை வரைக்கும் போய்விட்டது. ஜனனியும் அந்தக் குரூப்பில் இருக்கிறாள். போன மாதம் கேள்வி ஒன்றைத் தமிழ் எழுத்திலேயே தட்டியிருந்தாள். ஏழு வார்த்தையில் மூன்று பிழை. நான் திருத்தவில்லை. திரும்பத் திரும்ப எடுத்துப் படித்துக்கொண்டேன்.

கையை மட்டும் காட்டுகிற சட்டத்தை இசக்கி இன்னும் மீறவில்லை. பெயர், தகப்பனார் பெயர், இடம், அதையும் விடவில்லை. ஆனால் அந்தக் கலவரத்துக்குப் பிறகு அவளாகவே ஒரு வரி சேர்த்துக்கொண்டாள். அந்த வரியைக் கேட்கத்தான் பாதிப் பேர் வீடியோவைத் திறக்கிறார்கள் என்கிறான் என் அண்ணன்.

பரீட்சை முடிந்து இன்று காலை புது வீடியோ வந்திருக்கிறது. அடுப்படியில் நின்று சத்தமாக வைத்துக் கேட்டேன்.

"எல்லாருக்கும் வணக்கம். என் பேரு இசக்கியம்மாள், தகப்பனார் பேரு சுடலைமுத்து, தாராவி. உயிரோடதான் இருக்கேன். பாடத்துக்குப் போவலாமா?"